காலிச் செம்பு

கட்டணம் ஆயிரத்து இருநூறு,
மதியச் சாப்பாடும் சான்றிதழும் சேர்த்து.
சத்துவாச்சாரியில் ஒரு கல்யாண மண்டபத்து மாடியில்
மூன்று நாள் கரகப் பயிற்சி முகாம்.
முன் அனுபவம் தேவையில்லை என்று போட்டிருந்தது.
அந்த வரியை இரண்டு முறை படித்தேன்.

எனக்கு இருந்தது பதினாறு வருஷம்.
ஆடியில் இருபத்தாறு ஊர்,
அணைக்கட்டிலிருந்து ஒடுகத்தூர் வரை
எந்தெந்த அம்மனுக்குக் கூழ் ஊற்றினார்களோ அங்கெல்லாம்.
ஆடி போனால்
ஆம்பூர் ஷூ கம்பெனியில் மேல்தோலுக்குப் பசை தடவுவேன்.
பள்ளிக்கூடத்தில் பகுதிநேரமாக
ஆட்டம் சொல்லிக்கொடுக்க ஆள் எடுக்கிறார்களாம்.
சான்றிதழ் நகல் இணைக்கணுமாம்.
பதினாறு வருஷத்தை
எந்தக் கடையில் கொடுத்து நகல் எடுப்பது?

பம்பை முனிரத்தினம்தான் சொன்னான்:
"போய் ஒண்ணும் தெரியாத மாதிரி நின்னுகினு வா.
மூணு நாள்தானே."

ஒன்றும் தெரியாத மாதிரி நிற்பது
நான் ஆடியதிலேயே கஷ்டமான ஆட்டம்.

காலேஜ் பிள்ளைகள், ஒரு பேங்க் மேனேஜர்,
தோள் வலிக்கு டாக்டர் ஆடச் சொன்னார் என்று ஒருவர்.
ஏசி ஓடியது.
வேர்க்காமல் ஆடுவது எனக்குப் புதுசு.
மேடம் சென்னைக்காரர், நல்ல மாதிரி,
தண்ணீர் பாட்டிலை ஒவ்வொருவருக்கும் தன் கையால் தந்தார்.
ஐந்து ஆறு ஏழு எட்டு என்று எண்ணினார்.
எனக்கு எண்ணி ஆடத் தெரியாது.
பம்பை இடறும் இடத்தில் என் இடது குதிகால் இறங்கும்,
அவ்வளவுதான் என் கணக்கு.
முதல் நாள் வேண்டுமென்றே இரண்டு தப்பு செய்தேன்.
மூன்றாவது நிஜமாகவே தப்பானது.
பக்கத்தில் நின்ற ரிதன்யா
"லெஃப்ட்டுக்கா, லெஃப்ட்டு" என்று
என் இடுப்பைத் தொட்டுத் திருப்பினாள்.
திரும்பினேன்.

மதியம் சாம்பாரில் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்.
அதை மட்டும்தான்
எனக்கு ஏற்கெனவே தெரியும் என்று வாய்விட்டுச் சொன்னேன்.

இரண்டாம் நாள் தலைக்குச் செம்பு வந்தது.
பித்தளை நிறம் அடித்த பிளாஸ்டிக்.
உள்ளே ஒன்றுமில்லை.
என் செம்பில் நாலு கிலோ பச்சரிசி இருக்கும்,
அதன்மேல் ஒரு ரூபாய்க் காசு,
உச்சியை அழுத்தி, நான் இங்கேதான் இருக்கிறேன் என்று
ஓயாமல் சொல்லிக்கொண்டே வரும்.
இது ஒன்றும் சொல்லவில்லை.
இரண்டு அடி வைத்தேன், விழுந்தது.
எடுத்து வைத்தேன், உருண்டு
மேனேஜர் காலடிக்குப் போனது.
நடிக்கவில்லை. படவேட்டம்மன் மேல் சத்தியம்.

எல்லோரும் கை தட்டினார்கள்.
ஊரில் விழுந்திருந்தால்
மழை வராது என்று பேசிய காசில் பாதியைப் பிடித்திருப்பார்கள்.
"வந்துரும்க்கா" என்றாள் ரிதன்யா.
அவள் தலையில் அது அசையாமல் உட்கார்ந்திருந்தது.
கனத்தைக் கண்டிராத கழுத்து,
அது எங்கே என்று தேடவில்லை.
எனக்குப் பொறாமைதான்.

அன்று ராத்திரி பள்ளிகொண்டாவில்
வீட்டுக்குப் பின்னால், கரண்ட் போன இருட்டில்,
காலிக் குடத்தோடு மல்லுக்கட்டினேன்.
கொசு பிடுங்கியது. பதினோரு மணிக்கு
பக்கத்து வீட்டு நாய்கூடப் பார்ப்பதை விட்டுவிட்டது.

மூன்றாம் நாள் நின்றது.
எட்டு எண்ணும்வரை, பிறகு இன்னொரு எட்டு.
நானே எண்ணியிருக்கிறேன் என்று
இறக்கி வைத்த பிறகுதான் தெரிந்தது.

சான்றிதழில் ரேணுகாம்பாளை ரேணுகா ஆக்கியிருந்தார்கள்.
கீழே, தொடக்க நிலை.
பள்ளிக்கூட விண்ணப்பத்தில்
அனுபவம் என்ற கட்டத்துக்கு நேரே
மூன்று நாள் என்று எழுதினேன்.
மை காயும்வரை ஊதினேன்.

பள்ளிகொண்டா நெடுஞ்சாலை ஓரம்
டீக்கடையில் காத்திருந்தான் முனிரத்தினம்.
"இன்னாதான் கத்துகினே?"
அவன் குடித்து முடித்த காகிதக் கப்பை வாங்கித்
தலையில் வைத்துக்கொண்டு
சாலையைக் கடந்தேன்.
பெங்களூர் லாரி ஒன்று ஹாரனை அடித்தபடியே
வேகத்தைக் குறைத்தது.