பத்துக்கு எத்தனை

பத்துக்கு எத்தனை என்று கேட்கிறாள் தாதி,
இரவு மூன்று மணிக்கு,
கண் கூசாதபடி கைவிளக்கைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு.
நல்ல பெண். மாரிசெல்.
சம்பளத்தில் பாதி ஊருக்குப் போகிறது என்று
முந்தாநாள்தான் சொன்னாள்.

நான் எண்களோடு பிழைத்தவள்.
ஈசூனில் பதினேழு வருடம் பள்ளிப் பேருந்து ஆன்ட்டி.
ஏறும்போது முப்பத்தெட்டு, இறங்கும்போது முப்பத்தெட்டு.
கடைசி இருக்கையில் ஒன்று சுருண்டு தூங்கிவிட்டால்
முப்பத்தேழிலேயே உடம்பு சில்லிட்டுவிடும்.
எந்தத் தாயும் ஒருநாளும் கேட்டதில்லை,
பூங்கோதை, நிஜமாகவே முப்பத்தெட்டா என்று.

முதல் இரவு ஒன்பது என்றேன்.
பணி மாறும் நேரம், திரைக்கு அந்தப் பக்கம்
ஒரு குரல் இன்னொரு குரலிடம் சொன்னது:
இந்தியர்கள் அல்லவா, கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள்.
கேலிகூட இல்லை அதில். மழை வரும் என்பதுபோல.
காகிதக் கிண்ணத்தில் வந்தன இரண்டு பெனடால்.

மறுநாள் உதட்டைக் கடித்துக்கொண்டு
நான்கு என்றேன்.
நான்குக்கும் இரண்டு பெனடால்தான்.

பக்கத்துப் படுக்கை திருமதி குவெக்
ஆறு என்றாள். ஊசி வந்தது.
அவள்மேல் எனக்கென்ன கோபம்? அவளுக்கும் எலும்பில்தான்.
விடியலில் தன் கோடாலித் தைலத்தை
நடுவிலிருந்த தள்ளுமேசைமேல் உருட்டிவிட்டாள்,
என் பக்கம் முகம் திருப்பாமல்.

தொலைபேசியில் ஒரு மொழிபெயர்ப்பாளர் வந்தார்.
இடுப்பில் குடைகிறது, என்றேன்.
தொடையில் விண்விண்ணென்று தெறிக்கிறது.
நிமிர்ந்தால் சுருக்கென்று. படுத்தால் கடுகடுப்பு.
பின்னிரவில் முதுகுத்தண்டைப் பிடித்துப் பிசைகிறது.
அவர் ஒரே சொல்லில் முடித்தார்: பெயின்.
ஏறியது ஐந்து. இறங்கியது ஒன்று.
மீதி நாலும் எந்த நிறுத்தத்தில் தொலைந்தன?
மருத்துவர் தலையசைத்துவிட்டு அடுத்த படுக்கைக்குப் போனார்.

வியாழக்கிழமை ஒரு சின்சே வந்தார்.
வலிப் பிரிவில் சீன வைத்தியத்தையும் சேர்த்துப் பார்க்கிறார்களாம்.
இன்னும் ஊசியா என்று காலை மடக்கிக்கொண்டேன்.
ஜொகூரில் பிறந்தவர். தமிழ் தெரியாது அவருக்கு,
மாண்டரின் தெரியாது எனக்கு;
இருவருக்கும் பொதுவாக இருந்தது ஈரச்சந்தை மலாய்.

சாக்கிட் மாச்சாம் மானா?
எத்தனை என்று கேட்கவில்லை. எப்படி என்றார்.
பானாஸா, செஜோக்கா? சூடா, குளிரா?
நகர்கிறதா, நின்ற இடத்தில் நிற்கிறதா?
குடைவதற்கு மலாய் தெரியாமல்
ஆள்காட்டி விரலை உள்ளங்கையில் வைத்துத் திருகிக் காட்டினேன்.
அவரும் தன் உள்ளங்கையில் திருகிப் பார்த்தார்.
பிசைவதற்கு ரொட்டி மாவு.
தெறிப்பதற்கு, சாப்பாட்டுப் பொட்டலத்தின் ரப்பர் பேண்ட்.
அரைப் பக்கம் எழுதினார்.

பிறகு எட்டு ஊசி, எறும்புக்கடி அளவுக்கு.
பொய் சொல்லமாட்டேன்.
தாடை தளர்ந்தது, இருபது நிமிடம் மூச்சு அடிவயிறுவரை போய் வந்தது,
அப்புறம் அது தன் வேலைக்குத் திரும்பிவிட்டது.
ஆனால் அந்த அரைப் பக்கம் மின்தூக்கி ஏறி
மருத்துவர் மேசைக்குப் போயிருக்கிறது.
அன்றிரவே மார்ஃபின், நான்கு மணிக்கொரு தரம்.

இதற்குச் சந்தோஷப்பட வேண்டும்தான்.
என் வாயிலிருந்து வந்தபோது கூட்டிச் சொன்னது,
அவர் பேனாவிலிருந்து வந்தபோது நோய்க்குறிப்பு.
தூங்கினேன், அது உண்மை.
தூக்கத்திலும் இந்தக் கணக்கு உதைத்தது, அதுவும்.

மூன்று மணி. கைவிளக்கு.
பத்துக்கு எத்தனை, ஆன்ட்டி?
நான் அழவில்லை. கத்தவில்லை.
தலை கலையவில்லை, கலைய முடியும் இல்லை.

ஏழு.
எண்ணித்தான் சொல்கிறேன், மாரிசெல்.
எழுதிக்கொள்.