குறிப்புக் கட்டம்

உவர்மலைக் கந்தோரில்
மான்கள் படிக்கட்டு வரை வரும்.
நாங்கள் கிழித்துப் போட்ட மதிப்பீடுகளை
அவை தின்பதாக ஜெஸீல் சொல்லுவார்.
பொறியியலாளர். பாதிதான் பகிடி.

திறைசேரிச் சுற்றறிக்கை ஜூனில் வந்தது.
அடுத்த ஆண்டுக்கான வீதிகளை
முன்னுரிமைப்படி அனுப்புக.
புள்ளிகள் நூறு,
அதில் நாற்பது வாகன எண்ணிக்கைக்கு.
நாளுக்கு இருநூறு ஓடாத பாதைக்கு
நாற்பதில் பூச்சியம்.

கண்டலடிச்சேனைக்கு நான் போனேன்,
படிவமும் பேனையும் ஒரு தண்ணிப் போத்தலுமாய்.
மூதூர் தாண்டி, கிறவல் முடிந்த இடத்தில்
ஜீப்பும் முடிந்தது.
அதற்கப்பால் களப்பின் ஒரு கை.
கோடையில் இடுப்பளவு, மாரியில் நெஞ்சளவு.

காலை ஆறு முதல் மாலை ஆறு வரை
கரையில் குந்தியிருந்து எண்ணினேன்.
லொறி இல்லை. பஸ் இல்லை.
முச்சக்கர வண்டி ஒன்று வந்தது,
தண்ணீரைப் பார்த்தது, திரும்பியது.
அரை என்று போடப்
படிவத்தில் இடமில்லை.

சைக்கிள்கள் வந்தன.
தோளில்.
நல்லரெத்தினம் முதலில்,
சாரத்தை மடித்துக் கட்டி,
கரியரில் இறால் பெட்டியோடு
முழுச் சைக்கிளையும் தூக்கிக் கரையேறினார்.
பிறகு பள்ளிப் பிள்ளைகள்,
சப்பாத்துகளைக் கழுத்தில் மாட்டி.
பிறகு ஒரு தையல்காரர்
மெஷின் தலை ஒரு நடை, சைக்கிள் மறு நடையாக.
மொத்தம் நூற்றுப் பதினெட்டு.

ஆளைச் சுமந்தால் அது வாகனம்.
ஆள் அதைச் சுமந்தால்?
கைந்நூலைப் புரட்டினேன்.
மாட்டுவண்டிலுக்கும் அதில் ஒரு குணகம் இருக்கிறது.
தோளுக்கு இல்லை.

குறிப்புக் கட்டத்தில் சின்ன எழுத்தில் எழுதினேன்:
நூற்றுப் பதினெட்டு, தூக்கிச் செல்லப்பட்டவை.
பாதை இல்லாததால் வாகனம் இல்லை,
வாகனம் இல்லாததால் பாதை இல்லை.
இரண்டாவது வசனத்தை வெட்டச் சொன்னார் பணிப்பாளர்.
முதலாவதை விட்டுவைத்தார்.

கொழும்புக் கூட்டத்துக்கு
அட்டவணையை அச்சிட்டபோது
குறிப்புக் கட்டம் ஓரத்துக்கு வெளியே போயிற்று.
வேண்டுமென்று யாரும் செய்யவில்லை.
தாளின் அகலம் அவ்வளவுதான்.
கண்டலடிச்சேனை நாற்பத்தேழாம் வரிசை.
நாற்பத்தொன்றின் கீழே கோடு விழுந்தது.
கோட்டுக்கு மேலே உள்ளவையும் தேவையான வீதிகள்தான்;
அவற்றில் ஒன்றால்தான் நான் தினமும் வேலைக்கு வருகிறேன்.

நவம்பரில், மழையோடு ஒரு தொலைபேசி.
பராமரிப்புத் தலைப்பில் காசு மிச்சமாம்.
டிசம்பர் முப்பத்தொன்றுக்குள் முடிக்கவேண்டுமாம்.
புது வேலைக்கு ஆகாது,
இருப்பதைத் திருத்தலாம்.
இருப்பதை.
ஜெஸீல் என்னைப் பார்த்தார்,
பிறகு மழைக்கோட்டைத் தேடினார்.

நெஞ்சளவுத் தண்ணியில் நாங்கள் மூன்று பேர்
(நல்லரெத்தினம் கேட்காமலே இறங்கினார்)
இருக்கிற ஏதாவது ஒன்றைக்
காலால் துழாவினோம்.
மூன்று மணிக்கு என் குதிக்கால் சீமெந்தில் இடித்தது.
கொங்கிரீட் குழாய், வாய் உடைந்து, சேறு குடித்து,
எவர் எந்த ஆண்டில் போட்டதோ.
"இருக்குது!" என்று ஜெஸீல் கத்தியதில்
கண்டலுக்குள் கொக்குகள் கலைந்தன.
படம் எடுத்தோம். தண்ணீர்தான் தெரிந்தது.
அளவுகோலை நட்டு இன்னொன்று எடுத்தோம்.

பழுதடைந்த மதகு, ஒன்று. திருத்த வேலை.
அனுமதி வந்தது, கேட்டதில் அறுபது வீதம்.
மண்மூட்டை அடுக்கி, தண்ணீர் இறைத்து,
ஆண்டின் கடைசி நாள்
விளக்கு வைத்துக் கொங்கிரீட் போட்டார்கள்.

இப்போது பாதித் தூரம் சைக்கிள் ஓடுகிறது.
மீதி, தோளில்.
ஜூன் வந்தால் மறுபடி எண்ணப் போகவேண்டும்.
கொங்கிரீட் முடிகிற விளிம்பில்
ஒருவர் இறங்கித் தூக்குமுன்
எந்தப் பக்கம் நின்று எண்ணுவதென்று
இன்னும் யோசிக்கிறேன்.