இதர

மஹ்பூலா. லேபர் கேம்ப் மொட்டைமாடி.
பலதியாவின் மானியப் படிவம்
விளைநிலத்தின் பரப்பைக் கேட்டது.
பதினான்கு பெயின்ட் வாளி என்றேன்.
பிச்சைக்கனி அதை அடித்துவிட்டு
மூன்று சதுர மீட்டர் என்று எழுதினான்.

நீர் ஆதாரம்?
ஏசி சொட்டுவது.
அதற்குக் கட்டமில்லை;
'இதர'வில் டிக் போட்டோம்.

ஆய்வுக்கு வந்த பெண்
அபாயாவை ஒரு கையால் சுருட்டிப் பிடித்து
வாளிக்குள் விரல்விட்டு ஈரம் பார்த்தாள்.
"குளிர் வந்தால் ஏசியை அணைத்துவிடுவீர்களே?"

ஒருவரும் யோசித்திருக்கவில்லை.
செடி பிடிப்பதே அப்போதுதான்.
தொட்டிக்கும் மோட்டாருக்குமாக
நூற்றிருபது தினார் சிபாரிசு செய்தாள்.

டிசம்பர் பாதி.
போனில் தட்டினால் இன்னும் 'பரிசீலனையில்'.
தக்காளி பூத்துவிட்டது.
அறையில் ஆறு பேரும்
ஆளுக்கு இரண்டு போர்வை, மங்கி குல்லா,
ஏசி பதினாறில்.
வெளியே
சொட்டு விழுகிறதா என்று
காதைத் தீட்டிக் கிடக்கிறோம்.