பிழை திருத்தம், பக்கம் ஏழு

ஸ்ரான்லி வீதியில் எங்கள் கடை,
பல் வைத்தியருக்கு மேல்மாடி.
மேசை சின்னது. அதனால்
கொம்பியூட்டர் இரண்டு, மொனிற்றர் ஒன்று,
கீபோட் ஒன்று, மவுஸ் ஒன்று.
நடுவில் உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்புப் பெட்டி.
பட்டனை அமத்தினால்
ஒன்றாம் விளக்கு அணைந்து இரண்டாம் விளக்கு எரியும்.
இடையில் இரண்டு செக்கன் திரை இருட்டு.

பழசுக்குப் பாமினி மட்டும்தான் தெரியும்.
பிரின்ரரும் அதனோடு மட்டும்தான் கதைக்கும்.
இன்ரநெற் கொடுத்தால் செத்துப்போகும் என்று
சிவஞானபோதம் அண்ணை வயரையே பிடுங்கிவிட்டார்.
புதுசுக்கு உலகம் முழுக்கத் தெரியும்,
எங்கள் பிரின்ரரைத் தவிர.
ஒன்றில் வெட்டியதை மற்றதில் ஒட்டமுடியாது.
ஒரே மேசையில் இருந்தும் முகம் பாராத சம்பந்திகள்.

விரலுக்கு மட்டும் வித்தியாசம் இல்லை.
இரண்டிலும் ஒரே கட்டையில்தான் 'அ'.
அரைப்புள்ளிக் கட்டையை அமத்தினால்
இரண்டிலும் மெய்யெழுத்தின் தலையில் முழுப்புள்ளி.
எழுத்தெல்லாம் தேய்ந்து கீபோட் மொட்டை.
நான் அதைப் பார்ப்பதும் இல்லை.

அன்றைக்கு ஒரு கல்வெட்டு.
அமரர் வல்லிபுரம் குலவீரன்,
எழுநூற்றைம்பதாம் இலக்க பஸ் சாரதி,
பருத்தித்துறைப் பாதையில் இருபத்தாறு வருசம்.
விடிந்தால் அந்தியேட்டி, முந்நூறு பிரதி.
தேவாரம் முடிந்து, வம்சாவளி முடிந்து,
மனைவி புலம்பலில் நிற்கிறேன்.
மணி ஆறரை.
இவருக்கு ஒரு மெசேஜ் போடவேணும்.
பட்டனை அமத்தினேன்.
திரை இருண்டு, வெளித்து, புதுசு வந்தது.
கண் அடுத்த பாட்டைத் தாளில் தேட
விரல் தன்பாட்டில் அடித்தது.
நிமிர்ந்தால் மெசேஜ் பெட்டி வெறுமை.
நெற் சரியில்லையாக்கும் என்று விட்டுவிட்டேன்.
மற்றதைப் பழசு விழுங்கி
முந்நூறு தரம் துப்பியது.

எட்டாம் நாள் ஒரு பிள்ளை படியேறி வந்தாள்.
ஹெல்மெற்றைக் கழற்றவில்லை.
பக்கம் ஏழை விரித்துக் கதிரையில் வைத்தாள்:

*பாதை பழகியநும் பாதம் இனியெங்கே
வாதை தணியாமல் வாடுவதோ யானிங்கே
வர இரவாகும். கதவைப் பூட்டாதேங்கோ.
சோறு போட்டு மூடி வையுங்கோ.*

"ஆர் எழுதினது?"

பெட்டியைக் காட்டினேன்.
திரை இரண்டுக்குப் போய்விட்டது,
கீபோட் ஒன்றிலேயே நின்றுவிட்டது,
சிலவேளை அப்படித்தான் இறுகும் என்றேன்.
சொல்லச் சொல்ல எனக்கே பொய்போல் கேட்டது.

அவள் ஏசவில்லை.
"அப்பா கடைசி பஸ் எண்டால் இதைத்தான் சொல்லுறவர்.
சோத்தை மட்டும் சொல்லார். தானே போட்டுத் தின்னுவார்.
அதாலை எனக்குச் சந்தேகம் வந்தது.
அம்மாவுக்கு வரேல்லை.
ஏழு நாளாய் முன்கதவு பூட்டேல்லை.
அயலிலை ரெண்டு வீட்டிலை களவு.
நான் பூட்டினால் எழும்பி வந்து திறக்கிறா.
ஒரு துண்டு அடிச்சுத் தாங்கோ,
கடை முத்திரையோடை."

பட்டனை அமத்தினேன். இரண்டு செக்கன்.
எதற்கும் இன்னும் இரண்டு.
ஒரு 'அ' அடித்துப் பார்த்தேன். விழுந்தது. அழித்தேன்.

பிழை திருத்தம்.
பக்கம் ஏழு, மூன்றாம் நான்காம் வரிகள்
அச்சகத்தின் தவறு.
அமரர் சொன்னவை அல்ல.

கடைசி வரியில் விரல் நின்றது.
சொன்னதுதானே, இருபத்தாறு வருசம்.
ஒவ்வோர் எழுத்தாய்ப் பின்னால் வந்து
அந்த வரியை எடுத்துவிட்டேன்.
அவள் பார்த்துக்கொண்டுதான் நின்றாள்.
ஒன்றும் சொல்லவில்லை.

காசு வாங்கவில்லை.
முத்திரை சற்றுச் சரிந்து விழுந்தது.
தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்து
மூன்றாம் படியில் நின்று கேட்டாள்:
"அண்டைக்கு உங்கடை அவர் பூட்டினவரோ?"

"பூட்டிப்போட்டுப் படுத்திட்டார்.
யன்னலிலை தட்டித்தான் எழுப்பினனான்.
சோறும் இல்லை."