இருபது நாள் கணக்கு

அஜ்மான் காவல் நிலையத்தில்
நான் மொழிபெயர்ப்பாளன், மணிக்கு இவ்வளவு என்று கூலி.
இன்று தவசிலிங்கம். சாரம் கட்டுபவர்.
இடது காதில் பஞ்சு.

‘சாத்திட்டான் சார்’ என்றார்.
அறைந்தானா, குத்தினானா, உள்ளங்கையா, முட்டியா,
எழுதுகிறவருக்கு அது வேண்டும்.
நம்மிடம் அடிக்கு எத்தனை சொல்!
மொத்து, விளாசு, இடி, எத்து,
பொடனியில் ஒன்று போடு.
நான் கொடுத்தது ஒரே அரபுச் சொல்.
போதும் போலிருந்தது.

மருத்துவர் தாளில் பதினெட்டு நாள் ஓய்வு.
இருபதைத் தாண்டினால் வழக்கு ஒரு படி ஏறும்.
ஏறவில்லை.
எலும்பு முறியவில்லை என்பதை
நல்ல செய்தி போல அவரிடம் சொன்னேன்.

‘முதல்ல கம்பியை ஓங்கினான்.
அடிக்கல. ஓங்கினபடியே நின்னான்.
ஏழாவது மாடி, எனக்குப் பின்னால பலகை இல்ல.
சிரிச்சேன் சார், வேற என்ன பண்றது.
அதை எங்க எழுதுவீங்க?’

கேட்டுச் சொன்னேன்.
எழுதுகிறவர் தலை நிமிராமல்
‘பட்டதா?’ என்றார்.
படவில்லை.

அறிக்கையில் அந்த வரி இல்லை.
காதுக்கு மட்டும் நீளம், அகலம், நிறம்.

கைநாட்டுக்கு மை டப்பாவை நீட்டினேன்,
கொஞ்சம் வேகமாக நீட்டிவிட்டேன் போல.
தோள் ஒடுங்கி, முகம் திருப்பி
சிரித்தார்.

பிறகு கட்டைவிரலைச் சட்டையில் துடைத்தபடி,
‘பதினெட்டு நாளுக்கும்
சம்பளம் பிடிப்பாங்களா?’

அடுத்த ஆள் கதவருகே வந்துவிட்டான்.
இதையும் மொழிபெயர்க்க வேண்டுமா என்று
நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.