இரண்டு மணி

டண்டீ நகராட்சிப் பேரேட்டில்
அதற்குப் பெயர் கிடையாது, எண்தான்: நூற்று நாற்பத்தேழு.
ஐம்பத்து மூன்றில் வந்தது. கரும்பச்சை.
ஏறும் வழி பின்பக்கம், கதவு இல்லை,
ஒரு கம்பம். பிடித்துத் தாவத் தெரிந்தால் போதும்.

காலை ஐந்தே காலுக்கு லோச்சியிலிருந்து சணல் ஆலைக்கு.
கீழே பெண்கள். தறி இரைச்சலில் பாதிக் காது போனவர்கள்,
உதட்டைப் பார்த்தே ஊர்க்கதை பேசுவார்கள்.
கண்டக்டர் எஃபி கின்னியரும் கற்றுக்கொண்டாள்.
நெரிசலின் அந்தக் கோடியில்
சத்தமில்லாமல் ஒரு வாய் அசைந்தால்
இந்தக் கோடியில் அவள் எந்திரம்
கரகரத்து இரண்டு டிக்கெட்டைக் கக்கும்.
மேலே ஆண்கள்.
மேலே புகை.

ஒருமுறை ரயில் பாலத்தின் கீழே நுழையப் பார்த்து
நெற்றி நசுங்கியது.
டிரைவர் பெயர் பேரேட்டில் இருக்கிறது,
நான் சொல்லமாட்டேன், மகள் பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறாள்.

பிறகு தொண்ணூறு பவுனுக்கு விலைபோயிற்று.
பிளேர்கவுரியில் ராஸ்பெரி பறிக்க ஆள் ஏற்றியது.
பிறகு அதுவும் இல்லை.
உள்ளே கொட்டிய விதை உருளைக்கிழங்கு முளைவிட,
பிளாட்ஃபாரத்தைத் துளைத்து வந்த ஒரு ரோவன் கன்று
மாடிப்படி ஏறத் தொடங்கியிருந்தது,
டிக்கெட் எடுக்காமல்.

அப்போதுதான் நாங்கள் போனோம்.
ஐந்து பேர், ஒரு ரம்பம்.

இத்தனை வருஷமும் என்னதான் செய்தீர்கள் என்று கேட்கிறார்கள்.
ஆஷ் மரச் சட்டம் இற்றிருந்தது, மாற்றினோம்.
அடித்தகடு துரு, மாற்றினோம்.
தரைப் பலகை, ஜன்னல் ரப்பர், பிரேக் சிலிண்டர், எஞ்சினில் முக்கால்வாசி.
"மாற்றாதது எது?" என்றாள் உனா பெத்யூன்,
வெல்டிங் முகமூடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு.
யாரும் வாய் திறக்கவில்லை.
அந்த மாதம்தான் எனக்கு
இரண்டாவது முழங்காலும் புதிதாகியிருந்தது.

மேல்மாடிக் கூரைக்காக ஒன்றரை வருஷம் சண்டை.
பேரேடு சொன்னது: பாலாடை நிறம்.
ஏறியவர்கள் எல்லோரும் சொன்னது: புகையிலைப் பழுப்பு.
ஃபெர்குஸ் ட்ரெயில் பஞ்சை நனைத்து
ஓர் உள்ளங்கை அகலம் துடைத்தான்.
பாலாடை எட்டிப்பார்த்தது.
அத்தோடு நிறுத்து என்று உனா கத்தினாள்.
இன்றைக்கும் அப்படியேதான்:
அத்தனை பேர் நெஞ்சிலிருந்து ஊதிய பழுப்புக்கு நடுவே
ஒரு கை அகலம் நகராட்சி.
நெற்றி நசுங்கலையும் தட்டி எடுக்கவில்லை.

நகரத்தில் ஓடியது பத்தொன்பது வருஷம்.
எங்கள் கொட்டகையில் நின்றது இருபத்தாறு.

போன மார்ச்சில் வெளியே எடுத்தோம்.
மழை. ஹில்டவுன் மேட்டில் இரண்டாம் கியர்,
அதன் முனகல் என் பல்லில் தெரிந்தது.
போகிறவர்கள் செல்போனை உயர்த்தினார்கள்.
ஒருவர் தொப்பியைக்கூடக் கழற்றினார்,
சவ ஊர்வலத்துக்குப் போல.

மேட்டின் உச்சியில் ஒரு ஸ்டாப்.
கையில் பாலும் ரொட்டியுமாக ஒரு பெண்,
மறு கையை நீட்டினாள்.
ட்ரெயிலின் கால் தானாகவே பிரேக்கை மிதித்தது.
"நைன்வெல்ஸ் ஆஸ்பத்திரி போகுமா?"
போகாதம்மா, ஆள் ஏற்ற உரிமம் இல்லை, காப்பீடு இல்லை,
இது ஐம்பத்து மூன்றில்... என்று நான் ஆரம்பித்தேன்,
சணல், ரோவன், கூரை எல்லாம் நாக்கில் வரிசையாக நின்றன.
அவள் என் தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அங்கே மின்சார பஸ். தாழ்தளம், துடைப்பான் விசிறியடிக்க.
நீளமாக ஒரு ஹார்ன்.
பிறகு இன்னொன்று.
டிரைவர் பெண் பக்கத்துக் கண்ணாடியைத் தள்ளி
மழையில் தலையை நீட்டினாள்:
"யோவ், ஸ்டாப்பை விட்டு பஸ்ஸை எடுங்கய்யா!
ஏற்கெனவே நாலு நிமிஷம் லேட்டு எனக்கு."

செல்போனை உயர்த்தவில்லை அவள்.
பழைய பஸ் என்றுகூடச் சொல்லவில்லை.

உனா மணிக்கயிற்றை இரண்டு தடவை இழுத்தாள்.
எடுத்தோம்.