தலைக்கு எவ்வளவு

வீட்டைக் கூட்டச் சொல்கிறது
படிவத்தின் மூன்றாம் பக்கம்.
துடைப்பத்தால் இல்லை.

கொண்டோ வாசலில் அப்பா விழித்திருக்கும் இரவுகள்
இரண்டாயிரத்து நூற்றைம்பது.
பள்ளி உணவகத்தில் அம்மா கழுவும் தட்டுகள்
ஆயிரத்து நானூற்று எண்பது.
தம்பியின் தேசிய சேவைப் படித்தொகை
எழுநூற்றுத் தொண்ணூறு.
கூட்டி, ஐந்தால் வகுக்க வேண்டும்.
நாலாவது நான், ஐந்தாவது ஞானசேகர் மாமா.
சம்பளக் கட்டத்தில் அவருக்கு
வட்டமாக ஒரு சைபர்.

பதினான்கு மாதமாக அந்தச் சைபர்தான்
என் கட்டணத்தில் பாதியைக் கட்டியது.
துவாஸ் கிடங்கு மூடிய நாளிலிருந்து
யீஷூன் வீட்டுக் கூடத்துச் சோபாவில்
கால் மடக்கிப் படுப்பவர்
வகுக்கும் எண்ணாக மட்டும் நிமிர்ந்து நின்றார்.
தலைக்கு எண்ணூற்று எண்பத்து நான்கு வெள்ளி.
தகுதி உண்டு என்றது பல்கலைக்கழகம்.
எங்கள் வீட்டில் முதன்முதலாக
எதற்கோ தகுதி.

வாங்குவது ஒருநாள் வேலை,
வைத்துக்கொள்வதுதான் படிப்பு.
மதிப்பெண் சராசரி இரண்டு புள்ளி எட்டுக்குக் கீழே
இறங்கக் கூடாது.
தலை வருமானம் ஆயிரத்து முந்நூறுக்கு மேலே
ஏறக் கூடாது.
லிஃப்டின் இரண்டு பொத்தான்களையும்
ஒரே கையால் அழுத்திக்கொண்டு
இரண்டு ஆண்டு நின்றேன்.
புள்ளியியலில் ஒருமுறை இரண்டு புள்ளி எட்டு ஒன்று.
அன்றைக்குச் சாப்பிட்ட ப்ராட்டாவின் ருசி
இன்னும் நாக்கில் இருக்கிறது.

முகப்பில் ஹுவீ மின்,
என்னைவிட இரண்டு வயது மூத்திருப்பாள்,
ஒவ்வொரு தவணையும் சம்பளச் சீட்டுகளை எண்ணி
மூலையில் ஸ்டேப்பிள் அடித்துக் கேட்பாள்:
"வீட்டில் மாற்றம் ஏதும்?"
ஏதும் இல்லை என்பேன்.
நல்லது என்பாள்.

போன செவ்வாய்
மாமா பேருந்து ஓட்டும் தேர்வில் தேறினார்.
இரண்டாயிரத்து முந்நூறு, சீருடை தனி.
அம்மா கோழி வாங்கி வந்தாள்.
அப்பா வேலைக்குக் கிளம்பாமல்
அரைமணி நேரம் கூடுதலாக உட்கார்ந்திருந்தார்.
முகாமிலிருந்து தம்பியின் குரல்பதிவு:
"மாமா, நமக்கெல்லாம் ஓசிதானே?"
எல்லோரும் சிரித்தார்கள், நானும்.
மேசைக்கடியில் என் கட்டைவிரல்
வகுத்துக்கொண்டிருந்தது.

ஆயிரத்து முந்நூற்று நாற்பத்து நான்கு.

நாற்பத்து நான்கு வெள்ளியில்
வசதியானவர்கள் ஆகிவிட்டோம்.

யாரிடமும் சொல்லவில்லை.
கோழிச் சட்டியைத் துலக்கும்போது
மாமா பக்கத்தில் வந்து நின்றார்.
"லோஷினி, அடையாள அட்டையில்
முகவரிய மாத்திடறேன்.
ஹவ்காங்ல கூட்டாளி வீடு இருக்கு.
பேருக்குத்தான்.
சோபா இங்கயே கிடக்கட்டும்."

அவரும் வகுத்திருக்கிறார்.
நான்கால்.

குழாயை மூடாமல் நின்றிருந்தேன்.
தண்ணீர்க் கட்டணம் ஏறும் என்று
அவர்தான் மூடினார்.

கோட்டைத் தாண்டியவர்களுக்கு ஏழாம் பக்கம்:
மேல்முறையீட்டுக்கான காரணத்தை
இருநூறு சொற்களுக்குள் எழுதுக.
எங்கள் வீட்டில் ஒருவருக்கு வேலை கிடைத்துவிட்டது
என்று தொடங்கினேன்.
துக்கச் செய்தி போல இருந்தது.
அடிக்கவும் மனமில்லை.
இன்னும் நூற்றுத் தொண்ணூற்றைந்து சொல் மிச்சம்.

விடியற்காலை நாலரை.
புதுச் சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு
யாரையும் எழுப்பாமல்
மாமா முதல் பேருந்தை எடுக்கப் போகிறார்.
கதவு சாத்தும் சத்தம் கூட இல்லை.
சோபாவில் போர்வை
மடித்து வைத்திருக்கிறது.

மூன்றாம் பக்கத்துக்குத் திரும்பினேன்.
உறுப்பினர் எண்ணிக்கை: ஐந்து.
சைபர் இருந்த இடத்தில் 2300.
கட்டம் கொஞ்சம் சின்னது.
கடைசிச் சைபர்
கோட்டுக்கு வெளியே நிற்கிறது.